பயணிகள் எண்ணிக்கை: இரண்டு

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் பிடித்த சளி போய்விட்டது, நன்றாக இருக்கிறேன். உங்கள் புதிய காது மிஷின் பழகிவிட்டதா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் போனில் பாதி கேட்பதில்லை. மீதி அண்ணன் வீட்டுச் சமையலறை முழுக்க ஸ்பீக்கரில் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பரில் பத்தொன்பது நாள் லீவு கேட்டிருக்கிறேன். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்றப் போகிறேன். பாரிஸில் தொடங்கி, ஸ்ட்ராஸ்பர்க், ஆல்ப்ஸ் மலை வழியாகப் போய் வியன்னாவில் முடியும். தனியாக. அந்தச் சொல்லை எங்காவது ஒரு வாக்கியத்துக்கு நடுவில் ஒளித்து வைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

என் அமெரிக்க விசா 2027 வரை இருக்கிறது. திரும்பி வருவதில் சிக்கல் இல்லை. அண்ணன் முதலில் கேட்கப் போவது இதுதான் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தெட்டு வயது. ஊரில் இருந்தவரை ஒரு ரயில் டிக்கெட் வாங்கியதில்லை. எல்லாப் பயணமும் உங்கள் ரயில்வே பாஸில்தான். முதல் வரியில் உங்கள் பெயர், அப்புறம் அம்மா, அண்ணன், கடைசியில் நான், வயதோடு. ஒருமுறையாவது நானே ஏறி நானே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

இது அனுமதி கேட்கும் கடிதமா, தகவல் சொல்லும் கடிதமா என்று எனக்கே தெளிவாக இல்லை. நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

உங்கள் அன்பு மகள்,
தென்றல்


ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
18 மார்ச் 2025

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இங்கு எல்லாரும் சுகம். என் இடது காது மட்டும் வழக்கம்போல லீவில் இருக்கிறது. குளிர் விட்டதும் அம்மாவுக்கு வலி குறைந்து, ஹனுமார் கோயிலில் மூன்று சுற்று வந்தாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தது என் தப்பு. அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். "ஏனுங்க, வயசுப் புள்ள தனியா சீமையச் சுத்தப் போறேன்னு எழுதியிருக்கறா. நீங்க என்னமோ கரண்டு பில்லு வந்த மாதிரி உக்கோந்திருக்கறீங்க" என்றாள். உன் அண்ணன் ஜெயபிரகாஷ் ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு வந்தான். "சோலோ ட்ரிப்பெல்லாம் எதுக்குப்பா? லாங் வீக்கெண்டுக்கு எல்லாரும் கான்கூன் பீச் போலாம், நானே புக் பண்றேன்" என்றான். நான் மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதில் அந்த வசதி உண்டு.

பாரிஸ் – ஸ்ட்ராஸ்பர்க் எத்தனை மணி நேரம்? நாட்டு எல்லையில் இன்ஜின் மாறுமா, அதே இன்ஜின் போகுமா? ஆல்ப்ஸ் மலையேறும் பாதையில் ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் உண்டா? முப்பத்திநாலு வருடம் ஈரோடு டீசல் ஷெட்டில் இன்ஜினைப் பழுது பார்த்து அனுப்பினேன். அனுப்பியது எந்த ஊர் வரை போய்த் திரும்பியது என்று ஏட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

இருமல் வந்தால் அலட்சியமாக இருக்காதே.

அன்பு அப்பா,
குமாரசாமி


பிளெய்ன்ஸ்பரோ
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே செர்ரி மரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. இருமல் இல்லை. அம்மா மூன்று சுற்று வந்தது நல்ல செய்தி, நான்காவதற்கு அவசரப்படுத்தாதீர்கள்.

பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் இரண்டு மணிக்கும் குறைவு. சில வண்டிகளில் எல்லையில் இன்ஜின் மாறும், சிலது அப்படியே போகும். மலைப்பாதையில் பல்சக்கரம் கிடையாது. சாதாரணத் தண்டவாளத்திலேயே ஏழாயிரம் அடிக்குமேல் ஏறுகிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், படம் வைத்திருக்கிறேன்.

ஐரோப்பிய விசாவுக்குப் பத்தொன்பது இரவும் எங்கே தூங்குவேன் என்று இப்போதே காட்ட வேண்டும். போகிற போக்கில் ஊர் தேர்ந்தெடுப்பது நம் பாஸ்போர்ட்காரர்களுக்கு இல்லை. எல்லா ஊரிலும் ரத்து செய்யக்கூடிய அறை போட்டு, விசா வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். பாஸல், மலைப்பாதை, மிலான், ட்ரியெஸ்ட், லுப்லியானா என்று எழுதிவைத்திருக்கிறேன்.

அறைத்தோழி மானஸாவிடம் சொன்னேன். "தனியாவா? அப்ப போட்டோ யாருடி எடுப்பா?" என்றாள். அவளுக்கு வேறு எந்தக் கவலையும் தோன்றவில்லை.

நீங்கள் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கவனித்தேன்.

தென்றல்


ஃபிரிஸ்கோ
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மிணி,

புத்தாண்டு வாழ்த்து. அம்மா பருப்புப் போளி செய்தாள். பேத்தி ஓவியா ஒன்றைத் தின்றுவிட்டு, "இட்ஸ் லைக் அ ஸ்வீட் டார்ட்டியா, தாத்தா" என்றாள். மெக்சிகோ சப்பாத்தியைச் சொல்கிறாள்.

வீட்டில் முடிவு இதுதான்: போகலாம், தனியாகப் போகக்கூடாது. யாராவது துணை வேண்டும். உன் அம்மா தினமும் ஒரு பெயர் சொல்கிறாள். நேற்று அட்லாண்டாவில் இருக்கும் அவள் சித்தப்பா பேத்தி. அந்தப் பெண்ணுக்கு ரயிலில் வாந்தி வரும்.

என்னைக் கேட்டாய். சரி, வேண்டாம் என்பதெல்லாம் நான் சொல்லி ஆவதில்லை. நீ லீவு கேட்டுவிட்டாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஷெட்டில் வேலை பார்த்தவன் மகள் பாஸ் இல்லாமல் ரயில் ஏற வேண்டாம். எல்லா நாட்டு ரயிலுக்கும் செல்லும் பாஸ் ஒன்று இருக்கிறதாமே, அதை நான் எடுத்துத் தருகிறேன். மறுக்காதே. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி பெயர் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பிளெய்ன்ஸ்பரோ
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், கொப்புளம் வந்த குதிகால் தவிர. சனிக்கிழமைகளில் ஏழு கிலோ பையை மாட்டிக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷன் வரை நடந்து பழகுகிறேன். போன வாரம் எங்கள் காம்ப்ளெக்ஸ் ஆன்ட்டி ஒருவர் காரை ஓரமாக நிறுத்தி, "என்னம்மா, கார் ரிப்பேரா? யார்கூடயாவது சண்டையா? ஏறு, ரைடு தரேன்" என்றார். நடக்கத்தான் நடக்கிறேன் என்று புரியவைப்பதற்குள் பின்னால் நான்கு கார் ஹாரன் அடித்தது.

பாஸ் நானே வாங்குவதாகத்தான் இருந்தேன். நீங்கள் தருவதாகச் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். சரி. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தனித்தாளில் இருக்கின்றன.

துணையைப் பற்றி அம்மாவிடம் நானே பேசுகிறேன். நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வெயில் தொடங்கியிருக்கும், மதியத்தில் வெளியே போகாதீர்கள்.

தென்றல்


ஃபிரிஸ்கோ
21 மே 2025

அன்புள்ள அம்மிணி,

எல்லாரும் சுகம். மதியத்தில் வெளியே போக இங்கே வெளி என்று எதுவும் இல்லை, அதனால் கவலைப்படாதே.

பாஸ் வந்துவிட்டது. போனில்தான் வருகிறது, நான் காகிதத்திலும் எடுத்திருக்கிறேன். அதில் ஒரு தவறு நடந்துவிட்டது. படிவத்தில் 'பயணிகள் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் இரண்டு என்று போட்டுவிட்டேன். ரயில்வேயில் பாஸ் விண்ணப்பம் எழுதிய பழக்கம்: முதலில் ஊழியர், கீழே குடும்பம். கை அப்படியே என் பெயரை முதல் வரியிலும் உன் பெயரை இரண்டாவதிலும் எழுதிவிட்டது. ஆக இரண்டு பாஸ். திருப்பித் தர முடியாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னதும், "சாமியாப் பார்த்துப் பண்ணுன காரியமுங்க. நீங்களே தொணைக்குப் போயிட்டு வந்துருங்க" என்றாள். "பர்ஃபெக்ட்ப்பா, ப்ராப்ளம் சால்வ்ட்" என்றான் ஜெயபிரகாஷ். நான் உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் இஷ்டம்தான்.

அப்பா


பிளெய்ன்ஸ்பரோ
17 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த நான்கு வாரத்தில் மூன்று முறை பேசினோம். நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டெக்சஸ் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

எத்தனையோ வருடம் பாஸ் படிவம் நிரப்பிய நீங்கள் எண்ணிக்கைக் கட்டத்தில் தவறு செய்ய மாட்டீர்கள். நீங்கள் வர ஆசைப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காததால் நானும் பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். அது சரியில்லை.

வேண்டாம் அப்பா. நான் தனியாகத்தான் போக வேண்டும்.

நீங்கள் கூட இருந்தால் நான் ஜன்னலைப் பார்க்க மாட்டேன், உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அறிவிப்பு கேட்டதா, பசிக்கிறதா, கால் வலிக்கிறதா என்று. நீங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஐரோப்பா முழுக்க நாம் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். எனக்கு உங்களோடு பேசப் பிடிக்கும். ஆனால் யாரும் பக்கத்தில் இல்லாதபோது நான் எந்த நேரத்துக்கு எழுந்திருப்பேன், எந்த ஸ்டேஷனில் இறங்கத் தோன்றும் என்று எனக்கு இதுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்.

இதை எட்டுமுறை கிழித்து எழுதினேன். இதைவிட மென்மையாக எழுத வரவில்லை. மன்னியுங்கள்.

தென்றல்


ஃபிரிஸ்கோ
24 ஜூன் 2025

அன்புள்ள அம்மிணி,

கடிதம் கிடைத்தது. புரிந்தது.

இங்கே நூற்றிரண்டு டிகிரி. அம்மா சுகம். ஓவியாவுக்கு முன்பல் விழுந்திருக்கிறது.

உன் பாஸை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிக்காதே.

அப்பா


பிளெய்ன்ஸ்பரோ
30 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதியதே இல்லை. அம்மாவிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கறாரு, என்னமோ மேப்பை விரிச்சுட்டு உக்கோந்திருக்கறாரு" என்கிறாள். அதைக் கேட்டபிறகு ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஒன்று செய்யலாமா? கடைசி மூன்று நாள் நான் வியன்னாவில் இருப்பேன். நீங்கள் நேராக அங்கே வாருங்கள். பக்கத்து ஊர்களுக்கு ரயிலில் போகலாம், நீங்கள் இன்ஜினைப் பார்க்கலாம். சேர்ந்தே திரும்பி வருவோம். உங்கள் பாஸும் வீணாகாது.

நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று நாள் மட்டும். யோசித்துச் சொல்லுங்கள்.

தென்றல்


ஃபிரிஸ்கோ
9 ஜூலை 2025

அன்புள்ள அம்மிணி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுகர்கூட இந்த மாதம் இறங்கியிருக்கிறது.

மூன்று நாள் வேண்டாம். இரக்கப்பட்டுக் கொடுக்கிறாய், தெரிகிறது. போன கடிதத்தில் நான் சுருக்கமாக எழுதியது கோபத்தில் இல்லை. மீதியை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான்.

படிவத்தில் இரண்டு என்று போட்டது தவறுதலாக இல்லை. அதை நீ கண்டுபிடித்துவிட்டாய். காரணத்தை மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். உன்னோடு வருவதற்காகப் போடவில்லை. நானும் தனியாகப் போக வேண்டும்.

நம் பாஸில் போன பயணமெல்லாம் உனக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது உருப்படிகள். திருச்செந்தூர் போனால் பதினொன்று. கூடை, வாளி, உன் அத்தை வீட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எண்ணுவேன். தண்ணீர் பிடிக்க இறங்குவேன், வண்டி நகர்வதற்குள் ஓடிவருவேன். குறை சொல்லவில்லை, அப்போது அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ரயிலில் சும்மா உட்கார்ந்து போனவன் இல்லை நான்.

இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும்தான் நான் தனியாகப் போகிற தூரம். மற்றதற்கெல்லாம் யாராவது கார் எடுக்க வேண்டும். எனக்கு அறுபத்தேழு, காது கேட்காது, தனியாக ஐரோப்பா போகிறேன் என்று சொன்னால் உன் அம்மா அழுவாள். ஜெயபிரகாஷ், "அப்பா, ஆர் யூ டிப்ரஸ்ட்?" என்று கேட்டு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுவான். மகளுக்குத் துணை என்றால் அன்றைக்கே பெட்டி கட்டுவார்கள். அப்பா துணை என்றால் உன்னையும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

போன வாரம் ஹூஸ்டனில் விசாவுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். பாரிஸும் வியன்னாவும் தவிர உன் ஊர் ஒன்றுகூட என் திட்டத்தில் இல்லை. எனக்கு ஜெர்மனி, ரைன் நதி ஓரமாக. ஜெயபிரகாஷ் நாலு மணி நேரம் காரோட்டினான். படிவத்தைப் படிக்கவில்லை.

பாரிஸ் வரை ஒன்றாகப் போவோம். மறுநாள் காலை நீ கிழக்கு ஸ்டேஷனுக்குப் போ, நான் வடக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். கடைசி நாள் வியன்னா விமான நிலையத்தில் பார்ப்போம்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மகளிடம் இப்படி ஒன்றைக் கேட்க வெட்கமாக இருந்தது. பதில் போடும்போது உறையில் என் பெயரை மட்டும் எழுது.

அப்பா


பிளெய்ன்ஸ்பரோ
16 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகர் இறங்கியது மகிழ்ச்சி. உங்கள் கடிதத்தை ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி நியூ பிரன்ஸ்விக் வரை போய்விட்டேன்.

சம்மதம்.

அம்மாவிடம் மறைப்பது உறுத்துகிறது. திரும்பி வந்த அன்றே நான் சொல்லிவிடுவேன். திட்டு இருவருக்கும் பாதிப் பாதி. வீடியோ காலில் இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பாள், அதற்கு வழி நீங்கள் யோசியுங்கள். மிஷினுக்கு மாற்று பேட்டரி பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஊர்ப்பெயரை மட்டும் செய்தியாக அனுப்புவோம். ஆபத்து என்றால் ஒழிய அழைப்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குப் பயமாக இல்லையா? எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

தென்றல்


பாஸல் – கூர் ரயிலில், சுவிட்சர்லாந்து
11 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைத் தபாலில் போட முடியாது, ஃபிரிஸ்கோவில் அம்மா பிரித்துவிடுவாள். வியன்னாவில் கையில் தருகிறேன். விமானத்தில் படியுங்கள்.

குதிகால் ஆறிவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க் பிடித்துப்போனதால் ஒருநாள் கூடுதலாக இருந்துவிட்டேன். காலை எட்டே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன், மதியம் வரை யாரிடமும் பேசாமல் இருக்க முடிகிறது. இரண்டும் எனக்குப் புதுச் செய்தி.

இன்று காலை உங்கள் செய்தி 'ஃப்ரைபர்க்' என்றது. பதினொன்றரைக்கு நீங்கள் பாஸலில் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். என் வண்டி உங்களுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் 'ஸ்ட்ராஸ்பர்க்' என்று அனுப்பியதைப் பார்த்து, இன்றைக்கு இந்த வழியாகத்தான் வருவேன் என்று கணக்குப் போட்டுக் காவலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எழுதியதெல்லாம் எனக்குச் சம்மதம் வரவழைக்கத்தான் என்று நினைத்தேன். இறங்கிவந்து கேட்டுவிடலாம் என்று பையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் உங்களைப் பார்த்தேன். காது மிஷின் அதன் திறந்த டப்பாவில், பெஞ்சின் மேல் இருந்தது. ரொட்டியைப் பிய்த்து அம்மாவின் பூண்டுத் தொக்கில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தீர்கள். அந்த வாசனைக்குப் பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார். நீங்கள் தொக்குப் புட்டியை அவர் பக்கம் நீட்டினீர்கள். அவர் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். பக்கத்துப் பாதையில் ஒரு சின்ன இன்ஜின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. அது வந்து இணையும்வரை நீங்கள் ரொட்டியை வாயருகே வைத்தபடி மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வண்டிக்குள் ஏறிய ஆட்களில் ஒருவரையும் நீங்கள் தேடவில்லை. ஒருமுறை உங்கள் கண் என் ஜன்னலுக்கு வந்தது. நான் கையைத் தூக்கினேன். அதற்குள் கண் கீழே இறங்கிச் சக்கரத்துக்குப் போய்விட்டது.

கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை. கையை இறக்கிப் பையை மேலே வைத்தேன். கண்ணாடியைத் தட்டவில்லை. வண்டி கிளம்பியதும் வரைபடத்தைப் பார்த்தேன். ஃப்ரைபர்க் அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான். உங்களுக்கு இன்றைக்குப் பாஸல் பார்க்கத் தோன்றியிருக்கிறது, வந்திருக்கிறீர்கள். அவ்வளவுதானே? வியன்னாவில்கூட இதைக் கேட்க மாட்டேன்.

இப்போது இடப்பக்கம் ஓர் ஏரி வருகிறது. பெயர் தெரியாது, பார்க்கப் போகிறேன். சாப்பிட்டீர்களா என்று இந்த முறை விசாரிக்கவில்லை. கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

தென்றல்